சிபில் ரிப்போர்ட்டை சரி பண்ணித் தர்றோம்னு 18,000 கேக்கறாங்க, குடுக்கலாமா?

இந்தத் தடவை திருப்பூர்ல இருந்து வந்த ஒரு கடிதத்துக்கு பதில் எழுதறேன். பேரு, கம்பெனி பேரு எல்லாம் எடுத்துட்டேன். எழுதினவருக்கு 34 வயசு, பனியன் கம்பெனி ஒண்ணுல மெர்ச்சண்டைசரா இருக்கார், மாசம் 38,000 சம்பளம், மனைவி தனியார் ஸ்கூல் டீச்சர், அவங்களுக்கு 19,000. அவிநாசி பக்கம் 28 லட்சத்துக்கு ஒரு வீடு பேசி 2 லட்சம் அட்வான்ஸ் குடுத்து அக்ரிமெண்ட் போட்டுட்டாங்க. கிரயம் முடிக்க 4 மாசம் டைம், அதுல ஒரு மாசம் போயிடுச்சு. பேங்க்ல வீட்டு லோனுக்குப் போனா சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்கா கட்டினோமான்னு பாத்துப் போடற மார்க், 618தான், இப்போதைக்கு முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்தா நாலு இடத்துல சிக்கல். ஒண்ணு, கொரோனா சமயத்துல கட்ட முடியாமப் போன கிரெடிட் கார்டு, 74,000 பாக்கி இருந்ததை 2021ல 40,000 கட்டி பேசி முடிச்சிருக்கார், அது 'செட்டில்டு'ன்னு நிக்குது. ரெண்டு, 10 தவணையும் கட்டி முடிச்ச வாஷிங் மெஷின் லோன்ல இன்னமும் 1,180 ரூபாய் பாக்கின்னு காட்டுது. மூணு, பேரே கேள்விப்படாத ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில 2023 அக்டோபர்ல 25,000 ரூபாய் பர்சனல் லோன், 'நான் வாங்கவே இல்லை மேடம்'ங்கறார். நாலு, தங்கச்சி மாப்பிள்ளையோட பைக் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டது, அவர் ரெண்டு ட்யூ கட்டாம விட்டதுல இவர் ரிப்போர்ட்ல 67 நாள் தாமதம்னு ஏறியிருக்கு.

இந்த நேரத்துல கோயம்புத்தூர்ல ஒரு 'கிரெடிட் ரிப்பேர்' ஆபீஸ்காரங்க நாலையும் 30 நாள்ல அழிச்சு ஸ்கோரை 750க்கு மேல கொண்டு வர்றோம், கேரண்டி, மொத்தம் 18,000, பாதி முன்பணம்னு சொல்லியிருக்காங்க. ரெஜிஸ்ட்ரேஷன்னு 2,000 இவர் ஏற்கனவே குடுத்தாச்சு. ஆதார், பான், சிபில் லாகின் பாஸ்வேர்டு கேட்டிருக்காங்க, பாஸ்வேர்டு மட்டும் இன்னும் தரலை. 'தனி ஆளு டிஸ்ப்யூட் (ரிப்போர்ட்ல தப்பு இருக்குன்னு குடுக்கற புகார்) போட்டா பேங்க்காரன் மதிக்க மாட்டான்னு சொல்றாங்க, மீதி பணத்துக்கு மனைவி வளையலை வைக்கலாமான்னு யோசிக்கறோம், என்ன பண்ணட்டும்'னு கேக்கறார்.

தம்பி, வளையலை வைக்காதீங்க, பாஸ்வேர்டையும் தராதீங்க. இதை மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நீங்க இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்க இன்னொரு தடவை கூப்பிட்டு 'இன்னிக்கு கட்டினா ஆஃபர்'னு சொன்னாலும் சொல்வாங்க. காரணத்தை இனிமே பொறுமையா சொல்றேன். நான் 22 வருஷம் பேங்க்ல லோன் பிரிவுல இருந்தவ, இந்த டிஸ்ப்யூட் எல்லாம் எந்த மேசைக்கு வந்து எப்படி முடியும்னு உள்ள இருந்து பாத்திருக்கேன்.

அழிக்கற ரப்பர் யார் கையில இருக்கு

சிபில்ங்கறது ஒரு நோட்டுப் புத்தகம் மாதிரி, எழுதறது அவங்க இல்லை, கடன் குடுத்த பேங்க்கும் ஃபைனான்ஸ் கம்பெனியும்தான் எழுதறாங்க. நம்ம நாட்டுல இந்த மாதிரி நோட்டு நாலு இருக்கு, டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். கடன் குடுக்கற எல்லா நிறுவனமும் நாலு பேருக்குமே தகவல் அனுப்பியாகணும். 2005ல வந்த கிரெடிட் இன்ஃபர்மேஷன் கம்பெனிகள் சட்டம் தெளிவா சொல்லுது, தப்பு இருக்குன்னு நீங்க சொன்னா 30 நாளுக்குள்ள பாக்கணும், ஆனா கடன் குடுத்தவங்க 'ஆமா, நீங்க கேக்கற திருத்தம் சரிதான்'னு உறுதி பண்ணாம சிபில் ஒரு எழுத்தைக் கூட மாத்தக் கூடாது. அப்ப அந்த கோயம்புத்தூர் ஆபீஸ் என்ன பண்ண முடியும்? நீங்க போடற அதே டிஸ்ப்யூட்டை உங்க பேர்ல, உங்க லாகின்ல போட முடியும், அவ்வளவுதான். அதுக்கு சிபில்ல ஒரு பைசா ஃபீஸ் கிடையாது. பேங்க்ல டிஸ்ப்யூட் வந்து நிக்கற ஸ்க்ரீன்ல அக்கவுண்ட் நம்பர், எதை மாத்தணும்னு கேக்கறீங்க, இது ரெண்டும்தான் எங்களுக்கு முக்கியமா தெரியும். போட்டது நீங்களா, ஏஜெண்டா, வக்கீலான்னு யாரும் பாக்கறதில்லை. 'தனி ஆளை மதிக்க மாட்டாங்க'ங்கறது சுத்தப் பொய்.

இன்னொண்ணு, ஏதோ வீடியோவுல பாத்ததா எழுதியிருக்கீங்க, '30 நாள்ல பேங்க் பதில் சொல்லலேன்னா அந்த என்ட்ரி தானா அழிஞ்சிடும்'னு. அது அமெரிக்கா சட்டம். அங்க கடன் குடுத்தவங்க உறுதி பண்ணலேன்னா அந்தத் தகவலை எடுத்தாகணும், அதனாலதான் அங்க கட்டுக்கட்டா டிஸ்ப்யூட் அனுப்பற தொழிலே வளந்தது, அதுல ஏமாத்து ஜாஸ்தியானதால 1996லயே வேலையை முடிக்காம முன்பணம் வாங்கக் கூடாதுன்னு தனிச் சட்டம் போட்டாங்க. நம்ம ஊர்ல ரெண்டும் இல்லை. தானா அழியாது, முன்பணம் வாங்கறதைத் தடுக்க தனியா சட்டமும் இல்லை. வீடியோ போடறவங்க அமெரிக்காவுல நடக்கறதை தமிழ்ல சொல்லிட்டுப் போயிடறாங்க, இங்க நீங்க நம்பி பணம் கட்டறீங்க, எனக்கு நிஜமாவே வயித்தெரிச்சலா இருக்கு.

ஆனா நம்ம ஊர்ல வேற ஒரு நல்ல விதி இருக்கு, அது நிறைய பேருக்குத் தெரியலை. 2023 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவு, 2024 ஏப்ரல் 26ல இருந்து நடைமுறையில இருக்கு. நீங்க புகார் குடுத்து 30 நாளுக்குள்ள முடிச்சுத் தரலேன்னா அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தரணும். பேங்க்குக்கு அதுல 21 நாள், அதைத் தாண்டி அவங்க இழுத்தா அவங்க தரணும், அவங்க நேரத்துல அனுப்பியும் சிபில் தாமதம் பண்ணினா சிபில் தரணும். அப்புறம் உங்க கோரிக்கையை நிராகரிச்சா ஏன்னு காரணம் சொல்லியாகணும். ஏஜெண்ட் ஆபீஸ்ல இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டாங்க.

போன வருஷம் ஈரோட்டுல இருந்து ஒரு அக்கா வந்தாங்க, சின்னதா ஜவுளி வியாபாரம். ஒரு மஞ்சப்பை நிறைய காகிதம். ஏஜெண்டுக்கு ரெண்டு தவணையா 14,000 குடுத்திருக்காங்க, அவர் ஆறு தடவை டிஸ்ப்யூட் போட்டிருக்கார், ஆறுலயும் ஒரே வரி, 'தகவல் தவறு, நீக்கவும்', ஆறுக்கும் ஒரே பதில், 'கடன் வழங்கியவர் உறுதி செய்தார், மாற்றம் இல்லை'. நான் கேட்டது ஒரே கேள்வி, 'லோன் முடிஞ்சப்ப என்ஓசி, அதான் பாக்கி இல்லைன்னு தர்ற லெட்டர், குடுத்தாங்களாக்கா?' பீரோவுல இருக்குன்னாங்க. மறுநாள் எடுத்துட்டு வந்தாங்க, 2019 தேதி போட்டு சீல் வச்ச என்ஓசி, மடிச்ச இடத்துல கிழிஞ்சு போய் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. அதை ஸ்கேன் பண்ணி பேங்க்ல புகாரைப் பாக்கற நோடல் ஆபீசருக்கு ஒரு மெயில், கூடவே அவங்க லாகின்ல ஒரு டிஸ்ப்யூட். மூணு வாரத்துல 'க்ளோஸ்டு'ன்னு மாறிடுச்சு. அந்த 14,000 வாங்கின ஆளு அஞ்சு மாசத்துல அந்த என்ஓசியை ஒரு தடவை கூடக் கேக்கலை.

இப்ப உங்க நாலு விஷயத்துக்கு வர்றேன். நாலும் நாலு விதம், ஒரே மருந்து செட்டாகாது. தப்பா ஏறினதை ஃப்ரீயா சரி பண்ணலாம், உண்மையா நடந்ததை யாராலயும் அழிக்க முடியாது, அதோட நிலைமையைத்தான் மாத்த முடியும்.

அந்த 25,000 லோன், இதுதான் அவசரம்

மொதல்ல ஒண்ணு பாருங்க, கோபப்படாதீங்க. மொபைல் ஆப்ல 'இப்ப வாங்கு அப்புறம் கட்டு'ன்னு ஏதாவது எடுத்திருந்தா ரிப்போர்ட்ல ஆப் பேரு வராது, பின்னாடி பணம் குடுக்கற ஃபைனான்ஸ் கம்பெனி பேருதான் வரும். நிறைய பேர் 'இது நான் இல்லை'ன்னு சண்டை போட்டுட்டு கடைசியில அவங்களேதான்னு தெரிஞ்சு சங்கடப்படுவாங்க. 2023 அக்டோபர், நவம்பர் பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்து 25,000 இல்ல அதுக்குக் கொஞ்சம் கம்மியா ஏதாவது வந்திருக்கான்னு பாருங்க. எத்தனை அக்கவுண்ட் வச்சிருக்கீங்களோ அத்தனையும்.

இல்லேன்னா, யாரோ உங்க பான், ஆதாரை வச்சு வாங்கியிருக்காங்க. அந்தக் கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு (அவங்க வெப்சைட்டுலயே பேரும் மெயிலும் போட்டிருக்கணும்) எழுதுங்க. 2022 செப்டம்பர்ல வந்த டிஜிட்டல் கடன் விதிப்படி லோன் பணம் வாங்கினவரோட பேங்க் அக்கவுண்டுக்கே நேரா போகணும், அதனால எந்த அக்கவுண்டுக்குப் போச்சுன்னு கேட்டாலே பாதி விஷயம் வெளிய வந்துடும். எழுதறதுக்கு பெரிய வார்த்தை எல்லாம் வேணாம், இப்படி இருந்தா போதும்:

"உங்கள் நிறுவனம் என் பெயரில் இந்த எண்ணுள்ள கடனை 2023 அக்டோபரில் கொடுத்ததாக என் சிபில் அறிக்கையில் உள்ளது. இந்தக் கடனை நான் விண்ணப்பிக்கவும் இல்லை, பெறவும் இல்லை. கடன் ஒப்பந்தம், கேஒய்சி ஆவணங்கள், பயன்படுத்திய மொபைல் எண், பணம் செலுத்திய வங்கிக் கணக்கு விவரம், ஓடிபி பதிவு ஆகியவற்றின் நகல் தரவும். நான்கு கிரெடிட் நிறுவனங்களிலும் இந்தப் பதிவைத் திருத்தவும்."

அன்னிக்கே 1930க்கு போன் பண்ணி இல்லேன்னா தேசிய சைபர் க்ரைம் தளத்துல புகார் பதிஞ்சு, அந்த நம்பரை இந்த மெயில்ல சேருங்க. சிபில் தளத்துலயும் அந்த அக்கவுண்டுக்கு எதிரா 'ஓனர்ஷிப்', அதாவது என்னுதில்லைங்கற வகையில டிஸ்ப்யூட் போடுங்க. நடுவுல கலெக்‌ஷன் ஆளுங்க போன் பண்ணி 'சார் 3,000 மட்டும் கட்டுங்க, ஃபைலை மூடிடறோம்'னு சொல்வாங்க, தொல்லை விட்டா போதும்னு தோணும். ஒரு ரூபாய் கூட கட்டாதீங்க. கட்டினா கடனை நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும், அப்புறம் என்னுதில்லைன்னு வாதாடறது ரொம்ப கஷ்டம்.

வாஷிங் மெஷின் 1,180

பாக்கறதுக்கு சின்னது, ஆனா ஸ்கோரை இழுக்கறதுல சின்னப் பாக்கி பெரிய பாக்கி வித்தியாசம் நீங்க நினைக்கற அளவு இல்லை. உங்க ரிப்போர்ட்ல அந்த லோனுக்குக் கீழ வரிசையா சின்னச் சின்னக் கட்டம் இருக்கும், ஒவ்வொரு மாசத்துக்கும் ஒண்ணு, கடைசி 36 மாசத்துக்கு. நேரத்துக்குக் கட்டினா மூணு சைபர், இல்லேன்னா எத்தனை நாள் தாமதமோ அந்த நம்பர். நீங்க அனுப்பின ரிப்போர்ட்ல அந்த வரிசையை விரல் வச்சுப் படிச்சேன், ஒம்போது மாசம் சுத்தமா சைபர், பத்தாவது மாசத்துல 29, அப்புறம் 60, 90, 121ன்னு ஏறிக்கிட்டே போகுது. அப்படின்னா கடைசி தவணை அன்னிக்கு அக்கவுண்டுல பணம் இல்லாம பவுன்ஸ் ஆகி, நீங்க அப்புறம் தவணையைக் கட்டியிருப்பீங்க, பவுன்ஸ் சார்ஜ் மட்டும் நின்னுருக்கும்னு தோணுது.

அந்த ஃபைனான்ஸ் கம்பெனிகிட்ட லோன் ஸ்டேட்மெண்ட் கேளுங்க, 1,180 எதுக்குன்னு வரி வரியா தெரியும். நிஜமாவே பவுன்ஸ் ஆகியிருந்தா சண்டை போடாம கட்டிட்டு என்ஓசி வாங்குங்க, அக்கவுண்ட் 'க்ளோஸ்டு' ஆகும், ஆனா பழைய கட்டத்துல ஏறின நம்பர் அப்படியே இருக்கும், மாசம் போகப்போக பின்னால தள்ளிப் போகும். பவுன்ஸே ஆகலை, அவங்க தப்புன்னா 'க்ளோஸ்டுன்னு மாத்துங்க'ன்னு மட்டும் கேட்டு விட்டுடாதீங்க, 'அந்த மாசத்துல இருந்து ஏறின தாமத நாளையும் சைபராக்குங்க'ன்னு சேத்து எழுதுங்க. முக்கால்வாசிப் பேர் கோட்டை விடற இடம் இதுதான்.

கிரெடிட் கார்டு 'செட்டில்டு'

இங்க உங்க நினைப்பைக் கொஞ்சம் மாத்தணும் தம்பி. 'பேங்க்தானே 40,000 போதும்னு சொன்னாங்க, அப்ப ஏன் இன்னும் காட்டணும், இது தப்பான என்ட்ரி'ன்னு எழுதியிருக்கீங்க. தப்பில்லை, அதுதான் நடந்தது. 74,000ல 34,000 பேங்க் விட்டுக்குடுத்தாங்க, அந்த விட்டுக்குடுத்ததுக்குப் பேருதான் செட்டில்டு. முழுசா கட்டினாதான் க்ளோஸ்டு. அப்ப கார்டு டிபார்ட்மெண்ட்ல இதை உங்ககிட்ட எடுத்துச் சொல்லியிருக்கணும், சொல்லாதது அவங்க குறை, கொரோனாவுல வேலை நின்னு போய் 40,000 புரட்டினதே பெரிசுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் இதை டிஸ்ப்யூட் போட்டா 'சரிதான்'னு திரும்பி வரும், பத்து தடவை போட்டாலும் அதேதான். அந்த ஆபீஸ்காரங்க இதை அழிக்கறதா கேரண்டி குடுத்தாங்கன்னா அந்த ஒரு வார்த்தையே போதும், அவங்களை நம்ப வேணாம்.

வழி இருக்கு. பேங்க்குக்கு எழுதிக் கேளுங்க, 'விட்டுக்குடுத்த 34,000ஐ இப்ப கட்டினா செட்டில்டை எடுத்து க்ளோஸ்டுன்னு நாலு நிறுவனத்துக்கும் அனுப்பி நோ ட்யூ சர்ட்டிஃபிகேட் தருவீங்களா, வட்டி ஏதாவது சேக்கறீங்களா'ன்னு. நிறைய பேங்க் ஒத்துக்குவாங்க, கட்டாயம்னு சட்டம் இல்லை, அதனால பதில் கடிதமோ மெயிலோ கைக்கு வராம பணம் கட்டாதீங்க. கட்டறதும் பேங்க் பேர்ல இருக்கற கார்டு அக்கவுண்டுக்கு மட்டும், எந்த ரெக்கவரி ஆளோட ஜிபே நம்பருக்கும் இல்லை. ஏஜெண்டுக்குக் குடுக்கப் புரட்ட இருந்த 16,000 மிச்சம் பாருங்க, வளையலை வைக்காம அந்த அளவு சேக்க முடிஞ்சா அந்த 34,000ல ஏறக்குறைய பாதி வந்துடும். ஒருவேளை புரட்ட முடியலேன்னாலும் பரவாயில்லை, மத்த மூணையும் சரி பண்ணிட்டு, பழைய செட்டில்மெண்ட் லெட்டரோட போனா கொஞ்சம் வட்டி கூடுதலா லோன் தர்ற ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் இருக்காங்க, ஆனா 20 வருஷத்துக்கு அந்தக் கூடுதல் வட்டி எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மாப்பிள்ளையோட பைக்

'நான் வாங்கின கடன் இல்லையே, இதுக்கும் டிஸ்ப்யூட் போடலாமா'ன்னு கேட்டிருக்கீங்க. போட முடியாது. ஜாமீன் போட்டவருக்கும் கடன் வாங்கினவருக்கும் பொறுப்பு ஒண்ணுதான்னு 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துலயே 128ம் பிரிவுல இருக்கு. தங்கச்சி வீட்டு விஷயம், கேக்கறதுக்கு வாய் வரலைன்னு எழுதியிருக்கீங்க, புரியுது. ஆனா அவருக்கு உங்க வீடு நிக்கறது தெரியாமக் கூட இருக்கலாம். நேர்ல போய் தங்கச்சியையும் உக்கார வச்சுக்கிட்டு 'இந்த ரெண்டு ட்யூவால எனக்கு வீட்டு லோன் நின்னுடுச்சு'ன்னு மட்டும் சொல்லுங்க. முடியாதுன்னா நீங்களே அந்த ரெண்டு ட்யூவைக் கட்டிடுங்க, நேரா லோன் அக்கவுண்டுக்கு, ரசீதோட. ஜாமீன்தாரரா நீங்க கட்டினதை அவர்கிட்ட திருப்பி வாங்கற உரிமை அதே சட்டத்துல உங்களுக்கு உண்டு, கேக்கறதும் விடறதும் உங்க குடும்ப விஷயம். 67 நாள் 90ஐத் தாண்ட விடாதீங்க, தாண்டினா வாராக்கடன் கணக்குல போயிடும், அப்புறம் எந்த பேங்க்கும் உங்க ஃபைலைத் தொடத் தயங்கும். இந்த வாரமே பண்ண வேண்டிய வேலை இது.

எந்த வரிசையில போறது

டிஸ்ப்யூட் போட சிபில் ரிப்போர்ட்டோட மொதல் பக்கத்துல இருக்கற கண்ட்ரோல் நம்பர் வேணும். லாகின் பண்ணி டிஸ்ப்யூட் பகுதிக்குப் போய், தப்பான அந்த அக்கவுண்டை மட்டும் தேர்ந்தெடுத்துப் போடுங்க, கிடைக்கற டிஸ்ப்யூட் நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, 30 நாள் கணக்கு அதுல இருந்துதான். நாலு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கோரோட முழு ரிப்போர்ட் இலவசமா தரணும், அதனால மத்த மூணுலயும் எடுத்துப் பாருங்க, அந்த தெரியாத லோன் மாதிரி இன்னொண்ணு வேற நோட்டுல மட்டும் இருக்கலாம். நீங்களே பாத்தா ஸ்கோர் குறையும்னு அந்த ஆபீஸ்ல சொன்னதும் தப்பு, சொந்தமா பாக்கறதுல ஒரு பாயிண்ட் கூடக் குறையாது. குறைக்கறது நீங்க பேங்க் பேங்க்கா லோனுக்கு அப்ளை பண்றப்ப அவங்க பாக்கறது, அதனால இது முடியற வரைக்கும் வேற எங்கயும் அப்ளை பண்ணாதீங்க.

30 நாள்ல பதில் வரலைன்னா, இல்ல வந்த பதில் நியாயமா இல்லைன்னா, ரிசர்வ் பேங்க் ஒம்புட்ஸ்மேனுக்கு (இந்த மாதிரி புகாரை விசாரிக்கற அதிகாரி) ஆன்லைன்ல எழுதலாம், ஃபீஸ் இல்லை, சந்தேகம்னா 14448க்கு போன் பண்ணுங்க. 2022 செப்டம்பர் 1ல இருந்து சிபில் மாதிரி நிறுவனங்களும் இதுக்குள்ள வந்தாச்சு. அங்க வக்கீல் வச்சு புகார் குடுக்கவே முடியாதுன்னு விதி, பாதிக்கப்பட்டவரே எழுதணும், இல்ல வக்கீல் இல்லாத ஒருத்தருக்கு அதிகாரம் குடுத்து எழுதலாம். ஆனா பேங்க்குக்கோ சிபிலுக்கோ எழுதாம நேரா அங்க போனா திருப்பி அனுப்பிடுவாங்க, அதனாலதான் ஒவ்வொரு மெயிலையும் பத்திரமா வைக்கச் சொல்றேன்.

பணம் குடுத்து ஆள் வைக்கறதே தப்புன்னு நான் சொல்லலை. இங்கிலீஷ் வராது, கம்ப்யூட்டர் பழக்கமில்லைன்னா தெரிஞ்ச பிள்ளையை பக்கத்துல உக்கார வச்சு டைப் பண்ணச் சொல்லி நூறு இருநூறு குடுங்க, லாகினும் ஓடிபியும் உங்க போன்லயே இருக்கட்டும். அந்த 25,000 லோன்ல கம்பெனி ஆவணமும் தராம பிடிவாதம் பிடிச்சா அப்ப ஒரு வக்கீலைப் பாத்து கன்ஸ்யூமர் கமிஷன் போறதுல அர்த்தம் இருக்கு. ஆனா 'கேரண்டி'ன்னு சொல்றவங்க, பாஸ்வேர்டு கேக்கறவங்க, வெள்ளைத்தாள்ல கையெழுத்து கேக்கறவங்க, இவங்ககிட்ட போகாதீங்க. உங்க ஆதார், பான் ரெண்டும் ஏற்கனவே அந்த ஆபீஸ்ல இருக்கு. இன்னிக்கே ஆதார் ஆப்ல பயோமெட்ரிக்கை லாக் பண்ணுங்க, சிபில் பாஸ்வேர்டை மாத்துங்க, உங்க மொபைல் நம்பரும் மெயிலும் ரிப்போர்ட்ல சரியா இருக்கான்னு பாருங்க, ஏன்னா இப்ப யாராவது பேங்க் உங்க ரிப்போர்ட்டை எடுத்தா எஸ்எம்எஸ் வரணும்னு விதி இருக்கு, நீங்க கேக்காத லோனுக்கு எஸ்எம்எஸ் வந்தா உடனே தெரிஞ்சுடும். 2,000ஐத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்ஆப்ல எழுத்தா அனுப்புங்க, 'சேவை வேண்டாம், என் ஆவணங்களை அழிக்கவும்'னு. வருமான்னு என்னால சொல்ல முடியாது, ஆனா எழுத்துல இருந்தா நாளைக்கு ஏதாவது ஆனா கையில ஆதாரம் இருக்கும்.

வீட்டு விஷயம். இன்னும் மூணு மாசம் இருக்குன்னு நினைக்காதீங்க. டிஸ்ப்யூட் ஒரு மாசம், பேங்க்காரங்க சிபிலுக்கு தகவல் அனுப்பறது 2025 ஜனவரில இருந்து குறைஞ்சது 15 நாளுக்கு ஒரு தடவை, அது ஏறி ஸ்கோர் மாற இன்னும் கொஞ்ச நாள், அப்புறம் லோன் ப்ராசஸ் ஆக ஒரு மாசம். நெருக்கிப் பிடிக்கும். அதனால இப்பவே வீட்டுக்காரரைப் போய்ப் பாருங்க, கடைசி வாரத்துல போய் நின்னா அட்வான்ஸை விட வேண்டியதுதான்னு சொல்லிடுவாங்க, இப்ப போனா பேசலாம். ரெண்டு மாசம் கூடுதல் டைம் கேட்டு, ஒத்துக்கிட்டா அந்த அக்ரிமெண்டோட பின்னாடியே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க, வாய்ப்பேச்சா விடாதீங்க.

கடைசியா உங்க மனைவி கேட்டதா ஒரு வரி எழுதியிருந்தீங்க, 'இவர் ஸ்கோரால என் ஸ்கோரும் போயிடுமா'ன்னு. போகாது, ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க பான் வச்சு தனி ரிப்போர்ட். ஆனா 19,000 சம்பளத்துல அவங்க தனியா வாங்கற லோன் இந்த வீட்டுக்கு பத்தாது, ரெண்டு பேரும் சேந்து அப்ளை பண்ணினா உங்க ரிப்போர்ட்டையும் பாப்பாங்க, அதனால உங்களுதை சரி பண்ணாம குறுக்கு வழி இல்லை. அவங்க ரிப்போர்ட்டையும் இந்த வாரம் ஒரு தடவை எடுத்துப் பாத்துடச் சொல்லுங்க, ஏஜெண்ட் ஆபீஸ்ல அவங்க ஆதாரும் குடுத்தீங்களான்னு நீங்க எழுதலை, குடுத்திருந்தா அவங்களுதையும் லாக் பண்ணணும்.